மாஷிமாவின் சுவரில் எங்கள் மெம்பர்

பவானிபூரில் எங்களுக்கு வீடு கிடைத்தது என் கணவரின் உத்தியோகத்தைப் பார்த்து அல்ல. நாங்கள் மீன் சாப்பிடாதவர்கள் என்பதற்காக. வீட்டுக்காரி வங்காளி விதவை. மாடியில் அவள், கீழே குடித்தனம். எங்களுக்கு முன் இருந்தவர்கள் மழைக்காலம் முழுவதும் இலீஷ் மீன் பொரிப்பார்களாம். அந்த வாசனை மாடிப்படி ஏறிப் போய் அவளுடைய பூஜை அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளுமாம். தணிக்கை ஆபீஸில் வேலை பார்க்கும் மதராஸி, பெண்டாட்டி மட்டும்தான் கூட, வீட்டில் வெங்காயம்கூட அபூர்வம் என்று தரகன் சொன்னதும், வாடகையைப் பற்றி அதிகம் பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

நான் அவளை மாஷிமா என்று அழைத்தேன். நம் சித்தி, பெரியம்மா மாதிரி ஒரு முறை. அவள் என்னை பௌமா என்பாள், மருமகளே என்று அர்த்தம். என் கணவரை பாபா என்பாள், அப்பனே என்று செல்லமாக. அவள் பேசியதெல்லாம் வங்காளி. இங்கே நான் எழுதுவது என் காதில் அது தமிழாக விழுந்த விதம். ஐம்பதைத் தாண்டியவள், முழங்கால் வலிக்காரி, கோபக்காரி. அந்தக் கோபத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கோபம் மூண்டது வாக்காளர் பட்டியல் எடுக்க ஒரு குமாஸ்தா வந்த அன்றைக்கு. சட்டசபைக்கு ஜனங்களே மெம்பர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சர்க்கார் புதிதாக விதி செய்திருந்த சமயம். எல்லோருக்கும் வோட்டு கிடையாது. வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும். மாஷிமா தன் வரி ரசீதுகளை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். குமாஸ்தா அவற்றைப் பார்க்கக்கூட இல்லை. இந்த வீட்டில் ஆண்பிள்ளை யார் என்று கேட்டார். வருமான வரி கட்டுகிற என் கணவரின் பெயரை எழுதிக்கொண்டார். பெண்களுக்குச் சட்டத்தில் இடமில்லை அம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னதுதான் அவளுக்கு ரொம்ப எரிந்தது.

சாயங்காலம் என் கணவர் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாஷிமா எதிரே நின்றாள்.

"பாபா, அந்த வோட்டு உன்னோடது இல்லை. இந்த வீட்டோடது. வீடு என்னோடது. நீ அதைப் போடற கை, அவ்வளவுதான்."

என் கணவர் ஊரான் எழுதிய பில்லுக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் ஆட்சேபணை எழுதிச் சம்பளம் வாங்குகிறவர். மாஷிமா சொன்னதில் அவருக்கு ஓர் ஆட்சேபணையும் கிடைக்கவில்லை. சரி மா என்றார். நான் உள்ளே போய்ச் சிரித்தேன். பெண்டாட்டி சொன்னால் ஒன்பது கேள்வி கேட்கிற மனுஷர்!

தேர்தலில் நின்றவர் எங்கள் சந்திலேயே மூன்று வீடு தள்ளி இருந்த ஒரு வக்கீல். மாஷிமாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. வக்கீலுக்கு அக்கா தங்கை இல்லை. சின்ன வயசிலிருந்தே அவள் அவருக்கு பாய்ஃபோன்டா செய்து வந்தாள். அது வங்காளிகளுக்குப் பெரிய நாள். காளி பூஜை முடிந்த இரண்டாம் நாள் அக்கா தங்கைகள் விரதம் இருந்து, சகோதரனை ஆசனத்தில் உட்கார வைத்து, இடது கைச் சுண்டு விரலால் அவன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைப்பார்கள். யமன் இவன் பக்கம் வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். பொட்டு வைத்த பிறகுதான் அவள் வாயில் தண்ணீர் படும். சகோதரன் ஏதாவது பரிசு கொடுப்பான்.

அந்த வருஷம் பொட்டு வைத்துக்கொண்ட பிறகு வக்கீல், தீதிக்கு, அதாவது அக்காவுக்கு, இந்தத் தடவை என்ன வேண்டும், காஷ்மீரிலிருந்து கம்பளிச் சால்வை வரவழைக்கட்டுமா என்று கேட்டார். நான் பாயசக் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தேன். மாஷிமா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கு வோட்டு வேணும்."

அவர் சிரிக்கவில்லை. அது ஒன்றுக்காகவே அந்த மனுஷரை எனக்குப் பிடித்துப்போயிற்று. சபைக்குள் போனால் அந்தப் பேச்சு வருகிறபோது உன் பக்கம்தான் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தார். அவர் போனதும் மாஷிமா எங்கள் இருவரையும் பார்த்து, வாக்குக் கொடுக்கிறவனுடைய வாயைப் பார்க்கக் கூடாது, கால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். என் கணவரின் கை வோட்டுப் போட்டது. வக்கீல் ஜெயித்து எங்கள் மெம்பர் ஆனார். அன்றிலிருந்து மாஷிமா அவர் காலைப் பின்தொடர ஆரம்பித்தாள்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பால்காரன் கணக்கு தெரியும். அவள் சமையலறைச் சுவரில் பால் வராத நாளுக்கெல்லாம் கரிக்கோடு இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே மெம்பருக்கு ஓர் இடம் ஒதுக்கினாள். சபை கூடுகிற நாட்களில் என் கணவர் காப்பி டம்ளரோடு பத்திரிகையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். எந்தெந்தத் தீர்மானத்துக்கு யார் யார் 'ஆம்', யார் யார் 'இல்லை' என்று பத்திரிகையில் பெயர்ப் பட்டியல் போடுவார்கள். அதில் எங்கள் மெம்பர் எந்தப் பக்கம் என்று இவர் படித்துச் சொல்வார். நல்ல காரியம் செய்திருந்தால் மாஷிமா சுண்ணாம்பில் ஒரு புள்ளி வைப்பாள். கெட்ட காரியத்துக்குக் கரிக்கோடு. ஆளையே காணோம் என்றால் வெறும் வட்டம். நல்லது எது, கெட்டது எது என்பது அவள் தீர்ப்பு. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மானியம், புள்ளி. எங்கள் சந்துச் சாக்கடை பற்றி ஒரு கேள்வி கேட்டார், புள்ளி. மந்திரிகளுக்குச் சம்பளமே கூடாது என்று வோட்டுப் போட்டார், கோடு. சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறவன் வேறு எங்கேயோ சம்பளம் வாங்குகிறான் என்பாள். என் கணவர் இதை ஆபீஸில் போய்ச் சொன்னபோது பெரிய அதிகாரி ஒருவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாராம்.

செலவையும் விடவில்லை. தேர்தலில் நின்றவர்கள் என்ன செலவழித்தோம் என்று கணக்குக் கொடுக்க வேண்டும், அதைப் போய்ப் பார்க்கலாம் என்று என் கணவர் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மறுநாளே அவரை விரட்டினாள். அவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அச்சுக்கூலி இருந்தது, வண்டிக்கூலி இருந்தது. ஆனால் மெம்பர் வீட்டு முற்றத்தில் நாள் முழுக்கப் பொரித்த லூச்சிப் பூரியைக் காணோம். சந்து முழுக்க நெய் மணந்ததே, அது எந்தக் கணக்கில் என்று மெம்பரையே நேரில் கேட்டாள். மாமனார் வீட்டு உபயம் என்றார் அவர். மாஷிமா யோசித்துவிட்டு ஒரு கரிக்கோடு போட்டாள். அவரும் அவள் சமையலறைக்கு வந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே உட்கார்ந்து பொரி தின்றுவிட்டுப் போனார். அப்படி ஒரு உறவு அது.

அந்த உறவு முறிந்த கதைக்கு வருகிறேன். முறித்தவர் என் வீட்டுக்காரர்.

பெண்களுக்கு வாக்குரிமை பற்றிய தீர்மானம் ஒரு மழைக்காலத்தில் சபைக்கு வந்தது. நாங்கள் மூவரும் பத்திரிகைக்காகக் காத்திருந்தோம். தீர்மானம் தேறவில்லை. என் கணவர் வழக்கம்போலப் பட்டியலுக்குப் போனார். 'இல்லை' என்ற பட்டியலில் எங்கள் மெம்பர் பெயர் இருந்தது. மூன்று முறை படித்துப் பார்த்தார். மாஷிமா எழுந்தாள். கரித்துண்டை எடுத்து, தோள் உயரத்திலிருந்து தரைவரை ஒரே கோடாக இழுத்தாள்.

வங்காளிகளின் கார்த்திகை மாதம், நம் ஐப்பசியில், பாய்ஃபோன்டா வந்தது. மெம்பர் குளித்து, மடிப்புக் கலையாத வேட்டி கட்டி, சந்தேஷ் மிட்டாய் வைத்த மண்பானையோடு வந்தார். மாடியில் ஆசனம் போட்டிருக்கவில்லை, விளக்கு ஏற்றியிருக்கவில்லை. நான் படியடியில் நின்றுகொண்டிருந்தேன். தீதிக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்டார். நான் மாடியைப் பார்த்தேன். மேலேயிருந்து மாஷிமாவின் குரல்தான் வந்தது.

"பௌமா, வந்திருக்கறது வக்கீலா, தம்பியான்னு கேளு. வக்கீல்னா கீழ் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வோட்டு இருக்கு, அங்கே போய்க் கேக்கட்டும். தம்பின்னா, எனக்குத் தம்பி கிடையாது."

அவர் பானையை மெல்லப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். தீர்மானம் தோற்றுவிட்டதே என்றுதான் தீதிக்குக் கோபம் என்று நினைத்தாராம். தோற்றவனுக்கு என்ன வாய் என்று பேசாமல் போனாராம். இது எங்களுக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. மாஷிமா அன்றைக்குப் பொட்டு வைக்கவில்லை. ஆனால் விரதம் மட்டும் இருந்திருக்கிறாள். விளக்கு வைக்கும் நேரத்தில் நான் மேலே போனபோது உதடு வெடித்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

போகிக்கு நாங்கள் வீடு ஒழிப்பது வழக்கம். கல்கத்தாவிலும் விடவில்லை. அலமாரித் தட்டுகளில் பழைய காகிதத்தை உருவிவிட்டுப் புதுக் காகிதம் விரிப்பதற்காகப் பரணிலிருந்து ஒரு கட்டுப் பத்திரிகையை இறக்கினேன். நான் கான்வென்டில் நாலு வருஷம் படித்தவள். எழுத்துக் கூட்டியாவது இங்கிலீஷ் படித்துவிடுவேன். அப்பளக் கட்டு வைக்கிற தட்டில் விரித்த தாளில் அந்த மழைக்காலத் தீர்மானத்தின் பேச்சு முழுவதும் அச்சாகியிருந்தது. கையில் ஒட்டின தூசியைக்கூடத் துடைக்காமல் நின்றபடியே படித்தேன்.

சபையில் அன்றைக்கு வோட்டுக்கு விட்டது பெண்களுக்கு வாக்கு வேண்டுமா என்பதை அல்ல. அதற்கு முன்னால் ஒருவர் எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்திருக்கிறார். இப்போது அவசரமில்லை, ஜில்லா ஜில்லாவாக அபிப்பிராயம் கேட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று. அந்தத் திருத்தத்துக்குத்தான் வோட்டு. தள்ளிப்போடலாம் என்கிறவர்கள் 'ஆம்'. தள்ளிப்போடக் கூடாது, இன்றைக்கே கொடு என்கிறவர்கள் 'இல்லை'. எங்கள் மெம்பர் 'இல்லை' பக்கம் நின்று தோற்றிருக்கிறார். அதோடு போகவில்லை, எழுந்து பேசியும் இருக்கிறார். என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு பெண்மணி இருக்கிறார், வரி ரசீதில் இருக்கும் அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏன் இல்லை என்று அவர் என்னைக் கேட்டார், என்னிடம் பதில் இல்லை, இந்தச் சபையில் யாரிடமாவது இருக்கிறதா என்று.

சாயங்காலம் இவர் வந்ததும் காப்பிக்குப் பதிலாக அந்தத் தாளைக் கொடுத்தேன். படித்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"பட்டியல்லே 'இல்லை'ன்னுதானே இருந்தது. இருக்கறதைத்தானே சொன்னேன்" என்றார்.

"எதுக்கு இல்லைன்னார்னு பார்த்தேளோ?"

அவர் பார்க்கவில்லை. தணிக்கைக்காரர்கள் வவுச்சரைத்தான் பார்ப்பார்கள். அதில் எழுதியிருக்கிற கதையைப் படிப்பது அவர்கள் தர்மத்தில் இல்லை. இத்தனை மாதமும் மேலே நாலு பத்தி பேச்சை விட்டுவிட்டு நேரே பெயருக்குப் போய் டிக் அடித்திருக்கிறார். வேறு எந்த மடையனும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது, அதற்கு இருபது வருஷப் பயிற்சி வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பாவமாக இருந்தது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

மாஷிமா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நான்தான் போய்ச் சொன்னேன். மெம்பர் பேசியதை எனக்குத் தெரிந்த வங்காளியில் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து போய் அந்த நீளக் கோட்டை ஈரத்துணியால் துடைத்தாள். கரி போகவில்லை, பரவிற்று. அதன்மேல் சுண்ணாம்பு வைத்தாள், சாம்பல் நிறமாயிற்று. அப்படியே விட்டுவிட்டாள்.

என் கணவர், நானே போய் மெம்பரிடம் என் தப்பு என்று சொல்லிவிடுகிறேன் என்றார். கூடாது என்றாள். கதவைச் சாத்தினது நான், திறக்க வேண்டியதும் நான், நடுவில் நீ வராதே என்றாள். ஆனால் அவள் திறக்கவும் இல்லை. மூன்று வீடுதான், போய் நின்றால் போதும். அவளால் முடியவில்லை. வெட்கம் முழங்கால் வலியைவிடப் பொல்லாதது.

அடுத்த கார்த்திகையில் ஆசனம் போட்டாள், விளக்கு ஏற்றினாள். அவர் வரவில்லை. சகோதரன் தூர தேசத்தில் இருந்தால் வங்காளத்துப் பெண்கள் பொட்டைச் சுவரில் வைப்பார்கள். மாஷிமாவும் சுண்டு விரலில் சந்தனத்தைத் தொட்டு அந்தச் சுவரில், அந்தச் சாம்பல் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தெருமுனையில் டிராமுக்கு நிற்கும்போது தினம் கண்ணில் படுகிற ஆளுக்கு! அதற்கடுத்த வருஷமும் அப்படியே. நடுவில் ஒரு தேர்தல் வந்தது. இவர் வழக்கம்போல மாடிப்படியில் நின்று உத்தரவு கேட்டார். அவனுக்கேதான் என்றாள். ரகசிய வோட்டு, அதனால் மெம்பருக்கு அது தெரிய வழியில்லை. தீதி தனக்கு எதிராகத்தான் போடச் சொல்லியிருப்பாள் என்று அவர் நினைத்திருப்பார்.

சுவர்க் கணக்கு மட்டும் நிற்கவில்லை. என் கணவர் இப்போது பெயரைத் தொடுவதற்கு முன்னால் பேச்சு, திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம் எல்லாவற்றையும் படித்தார். மாடியில் அவர் படித்து முடிக்கிற வரையில் கீழே ரசம் ஆறிக்கொண்டிருக்கும். நான் முணுமுணுத்தேனே தவிர, உள்ளூர எனக்குப் பெருமைதான். செய்த தப்பை அவர் பேச்சால் ஈடுகட்டவில்லை. தினம் தினம் உட்கார்ந்து படித்து ஈடுகட்டினார்.

கடைசியில் அந்தத் தீர்மானம் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை நானே கண்ணால் பார்க்கணும் என்று மாஷிமா சொல்லிவிட்டாள். கங்கைக் குளியலுக்கும் காளிகாட்டுக்கும் தவிர வெளியே போகாதவள். சபை டவுன் ஹாலில் கூடிக்கொண்டிருந்தது. பார்க்கப் போவதென்றால் ஒரு மெம்பர் சீட்டு எழுதித் தர வேண்டும். யாரிடம் வாங்குவது என்று இவர் கேட்டார். நம்ம மெம்பர் இருக்கும்போது யாரிடம் போவாய் என்று எரிந்து விழுந்தாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கதவு அவ்வளவுதான் திறந்தது. ஆனால் திறந்தது.

இவர் போய்ச் சீட்டு வாங்கி வந்தார். மெம்பர் ஒன்றும் கேட்கவில்லையாம். டவுன் ஹாலில் படி ஜாஸ்தி, தீதிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாராம். வாசலில் ஒரு சேவகனை நிறுத்தச் சொல்கிறேன் என்றாராம்.

குதிரைவண்டியில் போனோம். மாஷிமா வெள்ளைப் புடவைமேல் சால்வை போர்த்தி, மடியில் ஒரு துணி மூட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்கு எண்ணெய் என்று நினைத்தேன். பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்ததும் நான் அவள் காதில் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். வோட்டு என்றால் மணி அடிக்கும், ஆம் என்பவர்கள் ஒரு கதவு வழியாகப் போவார்கள், இல்லை என்பவர்கள் மற்றக் கதவு வழியாக, அங்கே பெயரைக் குறித்துக்கொள்வார்கள் என்று. அப்படியானால் நிஜமாகவே கால்தான் பேசுகிறது என்றாள். மணிக்கணக்காகப் பேசினார்கள். சில பேர் பேசின பேச்சுக்கு அவர்கள் வீட்டுப் பெண்கள் அன்றைக்குச் சோறு போட்டிருக்கக் கூடாது. எங்கள் மெம்பர் கீழே உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்புறம் பழையபடி ஒருவர் எழுந்து, தள்ளிப்போடலாம் என்று திருத்தம் கொண்டுவந்தார். மணி அடித்தது. மெம்பர் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். மாஷிமா என் மணிக்கட்டை இறுகப் பற்றினாள்.

"எந்தப் பக்கம் போறான்?"

"இல்லை பக்கம்."

"இப்போ அதுதானே சரி?"

"இப்போ அதுதான் சரி, மாஷிமா."

திருத்தம் தோற்றது. உடனே அசல் தீர்மானத்துக்கு மணி அடித்தது. அவர் எழுந்து இப்போது மற்றக் கதவை நோக்கிப் போனார். மாஷிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "அதே ஆள், ரெண்டு கதவு, ஒரே காரியம்" என்றாள். "இதுக்குக் கரியும் சுண்ணாம்பும் எப்படிப் போதும், பௌமா?"

தீர்மானம் ஜெயித்தது. சத்தத்தில் அதை என்னால் சொல்ல முடியவில்லை, அவள் கையை அமுக்கினேன். அவள் புரிந்துகொண்டாள்.

வெளியே தூண்களுக்குக் கீழே படியில் என் கணவர் குடையோடு காத்திருந்தார். மெம்பர்கள் பேசிக்கொண்டே இறங்கினார்கள். எங்கள் மெம்பர் இரண்டு படி மேலேயே நின்றுவிட்டார். மாஷிமா மூட்டையை அவிழ்த்தாள். சின்ன வெள்ளிக் கிண்ணம், அதில் ஈரத்துணி மூடிய சந்தனம். அத்தனை பேர் பார்க்க, கோட்டும் தொப்பியுமாக வெள்ளைக்காரர்கள் விலகிப் போக, அவள் ஒரு படி ஏறினாள்.

"இன்னிக்கு அந்த நாள் இல்லையே, தீதி" என்றார் அவர்.

"நாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ குனி."

அவர் உயரமான மனுஷர். நன்றாகக் குனிந்தார். இடது கைச் சுண்டு விரலால் பொட்டு வைத்து, வாய்க்குள் வேண்டிக்கொண்டாள். விட்டுப்போன ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒன்று என்று அதே இடத்தில் மறுபடி மறுபடி வைத்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. என் கணவர் முன்னால் வந்து, அந்தப் பட்டியலைத் தப்பாகப் படித்தது நான்தான் ஐயா என்று சொல்லிவிட்டார். மெம்பர், தணிக்கைக்கு மேலே அப்பீல் கிடையாது என்று வக்கீல்கள் எல்லாருக்கும் தெரியும் என்று சொல்லி அவர் தோளைத் தட்டினார். அவர் கோபித்துக்கொள்ளக் காரணம் இருந்தது. கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டது.

வண்டியில் ஏறியதும் மாஷிமா தண்ணீர் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

சட்டம் ஆகி, பட்டியல் ஆகி, அடுத்த தேர்தல் வந்தபோது மாஷிமா பெயர் அதில் இருந்தது. சொந்த வரி கட்டுகிற பெண்களுக்கு மட்டும்தான் வோட்டு. என் பெயரில் ஒரு செங்கல்கூட இல்லாததால் எனக்குக் கிடையாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் திரை போட்ட வண்டியில் போய்விட்டுத் திரும்பி வந்த முகத்தைப் பார்த்தபோது வருத்தம் போன இடம் தெரியவில்லை. வாசலில் மெம்பர் காத்திருந்தார். யாருக்குப் போட்டாய் தீதி என்று அசட்டுச் சிரிப்போடு கேட்டார். அந்த வருஷம் அவர் ஒரு கூட்டத்தை விட்டுவிட்டு டார்ஜிலிங் போயிருந்தார். சுவரில் அதற்குப் பெரிய வட்டம் இருந்தது. அது ரகசியம் என்றாள் மாஷிமா. கடைசிவரை சொல்லவே இல்லை.

அந்தத் தேர்தலுக்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். என் கணவர் வழக்கப்படி மாடிப்படியில் போய் நின்று, நாளைக்கு யாருக்குப் போடட்டும் மா என்று கேட்டார். நான் கீழே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். மாஷிமா சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னாள்.

"எனக்குத்தான் இப்போ சொந்தக் கை வந்துடுச்சே, பாபா. இனிமே நீ அவளுக்குக் கையா இரு."

இவர் இறங்கி வந்தார். ஒன்பது கேள்வி கேட்கிற மனுஷர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். யாருக்குப் போடட்டும் என்றார். காலையில் சொல்கிறேன் என்றேன். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விளக்கை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், மாஷிமாவின் சுவருக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு புள்ளியாகப் பார்க்க ஆரம்பித்தேன்.